வெர்னியரில் அளந்த வயிறு

மனித வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். கொழுப்பு அவரவர் சொந்த விஷயமாக இருந்த காலம் ஒன்று. அது தரக்கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்ட காலம் இன்னொன்று. இரண்டாவது காலம் 2013 ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு ஒரகடத்தில் தொடங்குகிறது. தொடங்கிவைக்கிறவள் நான்.

இப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கையில் வெர்னியர் காலிப்பர் இருந்தது. பிரேக் டிரம்மின் கனத்தை மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குவரை சொல்லிவிடும் கருவி. எதிரே டெஸ்பாட்ச் பகுதித் தொழிலாளி உச்சிமாகாளி சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். வெர்னியரின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே அவன் தொப்புளுக்குப் பக்கத்துத் தோல் இருந்தது.

"யக்கா, கூசுது."

"அசையாதே. ரீடிங் மாறும்."

"இரும்பு சில்லுனு இருக்குக்கா. டிரம்முக்குலாம் எப்பிடித்தான் தாங்குதோ."

6.84 என்று படிவத்தில் எழுதினேன். மெர்சி, தர ஆய்வாளர் என்று கீழே கையெழுத்திட்டேன். இருபத்துமூன்று வயது மனிதன் ஒருவனின் வயிற்றில் இரண்டு தசமத் துல்லியத்தில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது அன்றோடு தெரிந்துபோயிற்று. அவன் காலையில் சாப்பிட்டானா என்பது மட்டும் தெரியாது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த மகத்தான நாள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனி வேன்களுக்கும் சிறிய லாரிகளுக்கும் பிரேக் டிரம் செய்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் விளம்பரமாகிவிடும், விளம்பரத்துக்கு மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கே மனிதவள மேலாளர் இராமச்சந்திரன் சார். மனிதர்களுக்கு வளம் சேர்ப்பதா, மனிதர்களிடமிருந்து வளத்தை எடுப்பதா என்று அந்தப் பதவியின் பெயரில் தெளிவில்லை. சாருக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை.

சார் இரண்டு ஆண்டுகளாக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜிம்முக்குப் போகிறார். மேசைமேல் எப்போதும் ப்ரோட்டீன் பவுடர் கரைக்கும் ஒரு குலுக்குப் பாட்டில் இருக்கும். யாராவது குறை சொல்ல வந்தால் அதைக் குலுக்க ஆரம்பிப்பார். குறை முடியும்போது பவுடரும் கரைந்திருக்கும். அந்தப் பவுடராலும் முட்டையின் வெள்ளைக்கருவாலும் அவர் கைகள் வளர்ந்தன. கூடவே, யாரும் கேட்காமலே வயிறும் வளர்ந்தது. தசை வளர வேண்டும், கொழுப்பு வளரக் கூடாது. இரண்டையும் பிரிப்பது சாப்பாட்டில் இருக்கிறது என்று ஜிம்மில் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சாப்பாட்டில் என்பதுதான் இரண்டு ஆண்டாகப் பிடிபடவில்லை.

மே மாதத்து மதியம் ஒன்றில், கை கழுவும் குழாயடியில் உச்சிமாகாளி சட்டையைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த வழியாக வந்த சார் நின்றுவிட்டார். வயிற்றில் கட்டம் கட்டமாக ஆறு. எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"தம்பி, எந்த ஜிம்?"

"ஜிம்மா? நான் டெஸ்பாட்ச் சார்."

மறுநாள் கூட்டம் போட்டார். ஆகஸ்டில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்களுக்குத் தொழிலாளர் நலத் திட்டம் என்று ஏதாவது காட்ட வேண்டும். போன ஆண்டு காட்டிய மரக்கன்றுகள் செத்துவிட்டிருந்தன. எனவே 'நூறு தசை, பூஜ்யம் கொழுப்பு' என்னும் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் சாரும் நானும் மட்டும் இருந்ததால் ஒருமனது சுலபமாகக் கிடைத்தது.

"சார், இதை ஒரு டாக்டர் செய்யலாமே" என்றேன்.

"டாக்டர் நோயாளியைப் பார்க்கிறவர் மெர்சி. நம்ம பசங்க நோயாளியா? அவங்க ப்ராடக்ட்."

"ப்ராடக்டா?"

"அசெட்னு சொல்ல வந்தேன். உங்களை ஏன் கூப்பிட்டேன் தெரியுமா? எட்டு வருஷத்துல நீங்க ஓகே பண்ணி அனுப்பின ஒரு பீஸ்கூட திரும்பி வந்ததில்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மண்ணூரிலிருந்து தினமும் காலை கம்பெனி பஸ்ஸில் வந்து, எட்டு ஆண்டுகளாக இரும்பைத் தடவிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. நான் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்து அந்தக் குளிர்ச்சியிலேயே உறைந்துபோயின. அவை வெளியே வர ஆறு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவர் நம்மைப் பாராட்டும்போது நாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது நமக்குக் கேட்பதில்லை. எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜிம்மில் தோலைப் பிடித்து அளக்க ஒரு தனிக் கிடுக்கி இருக்கிறதாம். அதை வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும். வெர்னியர் ஏற்கெனவே இருக்கிறது, இந்த ஆண்டின் சான்றிதழும் அதற்கு இருக்கிறது. சான்றிதழ் உள்ள கருவி எதை அளந்தாலும் அது சரியான அளவுதான் என்பது எங்கள் தொழிலின் ஆதார நம்பிக்கை. அளப்பது பெண் என்பதால், கண்ணியம் கருதிச் சட்டைக்கு மேலேயே அளப்பது, பிறகு துணியின் கனத்தைக் கழித்துக்கொள்வது என்று முதலில் முடிவாயிற்று. துணியின் கனம் 0.32. இரண்டு பக்கமும் சேர்த்து 0.64. ஆனால் உச்சிமாகாளியின் சட்டையில் கிரீஸ் இருந்தது. கிரீஸின் கனம் இடத்துக்கு இடம் மாறியது. துல்லியமா கண்ணியமா என்று வந்தபோது துல்லியம் ஜெயித்தது. சட்டை மேலே போனது.

எங்கள் தொழிலில் 'மாஸ்டர் பீஸ்' என்று ஒன்று உண்டு. குறையே இல்லாத ஒரு டிரம்மைத் தேர்ந்தெடுத்து, எண்ணெய் தடவி, கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்போம். மற்ற டிரம்களை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மாஸ்டர் பீஸை வண்டியில் மாட்டக் கூடாது. தேய்ந்துவிடும். தேய்ந்துவிட்டால் எதைச் சரியென்று சொல்வது?

சார் உச்சிமாகாளியை மாஸ்டர் பீஸ் என்று அறிவித்தார். எண்ணெய் அவன் தலையில் ஏற்கெனவே இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான் முடியவில்லை, டெஸ்பாட்சில் ஆள் பற்றாக்குறை. ஆகவே தேயக் கூடாத அந்த மாஸ்டர் பீஸ், கன்வேயரில் வரும் டிரம்களை எடுத்து டிராலியில் அடுக்கிக்கொண்டே இருந்தது. டிரம் ஒன்று பன்னிரண்டு கிலோ. ஷிப்டுக்கு அறுநூறு.

அவன் அடையாள அட்டையில் நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். அதைத் தடவிப் பார்த்தான்.

"இத ஒட்டுனா பெர்மனென்ட் ஆக்குவாவளாக்கா?"

நாங்குநேரிப் பக்கத்து ஊர் அவனுக்கு. மூன்று ஆண்டாகக் கான்ட்ராக்டில் இருக்கிறான். இருங்காட்டுக்கோட்டையில் ஓர் அறையில் ஏழு பேரோடு தங்கியிருக்கிறான். செப்டம்பரில் பெர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியல் வரும்.

"நல்ல பேரு வரும்" என்றேன். அது பதில் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். சிரித்தான்.

அடுத்து உணவு ஆய்வு. சார் கேட்டார். நான் எழுதினேன்.

"காலைல என்ன சாப்பிடுவே?"

"பழையது சார். ராத்திரி வடிச்சது மிச்சமிருந்தா."

"மிச்சம் இல்லன்னா?"

"மத்தியானம் இங்க சேத்துத் திங்க வேண்டியதுதான்."

"மத்தியானம் என்ன?"

"சோறு."

"சோத்தோட?"

"சாம்பாரு. பொறவு ரசத்துக்கு ரெண்டாவது சோறு. பொறவு மோருக்கு. கோவிந்தம்மாக்கா கைய மடக்காமப் போடுவாவ."

"ப்ரோட்டீன்?"

உச்சிமாகாளி யோசித்தான். "அது போட்ட அன்னிக்கு நான் லீவு சார்."

"எக்சர்சைஸ்?"

"அதுக்கு ஏது சார் நேரம்? டிரம்மு தூக்கவே நேரம் பத்தல."

"எக்சர்சைஸ், இல்லைன்னு எழுதுங்க மெர்சி."

"சார், அறுநூறு டிரம்..."

"அது வேலை. எக்சர்சைஸ்னா ஆசைப்பட்டு, பணம் கட்டிச் செய்யறது."

'இல்லை' என்று எழுதினேன். சார் குலுக்குப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். ஒரு பெரிய உண்மை ஒரு மனிதனுக்குள் இறங்குவதை அன்றுதான் நேரில் கண்டேன்.

"இவ்வளவு சோறு தின்னும் இப்படி இருக்கான்" என்றார் மெதுவாக. "தின்னலைன்னா எப்படி இருப்பான்!"

சுற்றறிக்கை வந்தது. எங்கள் காண்டீனில் ஒரு பழைய வழக்கம் உண்டு: பொரியல் ஒருமுறைதான், சோறு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். தெற்கிலிருந்து வந்த பையன்கள் எங்கள் கம்பெனியை விட்டுப் போகாமல் இருந்ததற்கு அந்த இரண்டாவது வரியே காரணம். சுற்றறிக்கை சொன்னது: 'தொழிலாளர்களின் உடல் நலம் கருதி, சோறு ஒரு கரண்டி. தலை தட்டியது. உடன் முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம். முட்டை ஒன்று, மஞ்சள் நீக்கியது. அதிகாரிகளின் உணவறை திட்டத்தின் எல்லைக்கு வெளியே வருவதால் அங்கு மாற்றம் இல்லை.'

கரண்டி சரியாகத் தலை தட்டப்படுகிறதா என்று பார்க்கவும் நான்தான் போனேன். ஸ்டீல் ஸ்கேலோடு.

காண்டீன் பரிமாறும் கோவிந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மெர்சி, டிரம்ம அளந்த. புள்ளைங்க வவுத்த அளந்த. இப்போ என் கரண்டிக்கு வந்துகினியா?"

"ஆர்டர்க்கா."

"மஞ்சக்கரு இன்னா பாவம் பண்ணுச்சி? பாதி முட்டைய கொட்டச் சொல்றாரு உங்க சாரு. கோழி முழுசாத்தான போட்டுச்சி?"

"மஞ்சள்ல கொழுப்பு இருக்காம்க்கா."

"துன்றவனுக்கு இன்னா கொழுப்புகீது? கொட்டச் சொல்றவனுக்குத்தான் கீது." கரண்டியைச் சோற்றில் குத்தி நிறுத்தினார். "அந்த ஸ்கேல இந்தாண்ட குடு. உன் சாரு வர்றப்போ தலை தட்டறேன். மத்த நேரம் நீ அந்தாண்ட பாரு."

நான் அந்தாண்ட பார்க்கவில்லை. இந்த இடத்தில் என்னை நான் பாராட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கரண்டிகளில் ஒன்றுகூட மேடாகப் போகவில்லை. பயிற்சி அப்படி. ஸ்கேலைக் கையில் கொடுத்துவிட்டால் மேடு கண்ணை உறுத்தும்.

கொட்டிய மஞ்சள் கருவைத் தின்று, காண்டீனுக்குப் பின்னால் இருந்த இரண்டு நாய்கள் திட்டத்துக்கு விரோதமாக வளர்ந்தன.

பையன்கள் சும்மா இருப்பார்களா? அறையில் வடித்த சோற்றை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்கும் ஏற்பாடு வந்தது. எங்கள் கேட்டில் செக்யூரிட்டி, வெளியே போகிறவர்களின் பையைத்தான் சோதிப்பார். உதிரிபாகம் எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று. இப்போது உள்ளே வருகிறவர்களின் பையையும் சோதித்தார். சோறு எடுத்து வருகிறார்களா என்று. பிடிபட்ட டப்பாக்கள் வரிசையாகக் கேட் அலமாரியில் இருந்தன. மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி யாருடைய சோற்றையும் அபகரிக்கவில்லை. புளிக்கவைத்துத் திருப்பிக் கொடுத்தது.

வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை அளந்தேன். 6.84 இரண்டாம் வாரம் 6.10 ஆயிற்று. பிறகு 5.22. பிறகு 4.60. சார் அதை வரைபடமாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். கோடு அழகாகச் சறுக்கிக்கொண்டு கீழே வந்தது.

வெர்னியரைப் பற்றிய ஒரு ரகசியத்தை இங்கே சொல்லிவிடலாம். இரும்பை அளக்கும்போது அது அளக்கிறவருக்கு அடங்காது. தோல் அடங்கும். மெதுவாகப் பிடித்தால் கொழுப்பு அதிகம், அழுத்திப் பிடித்தால் குறைவு. சாரே ஒருநாள் ஆய்வறைக் கதவைச் சாத்திவிட்டுத் தன் சட்டையைத் தூக்கினார்.

"நாற்பத்தொன்று சார்."

"மெதுவாப் பிடிச்சிருக்கீங்க. அழுத்துங்க."

அழுத்தினேன். முகம் சிவந்தது. "முப்பத்துமூணு."

"பாத்தீங்களா!" என்றார் மூச்சு வாங்க. "ரெண்டு வருஷ உழைப்பு."

நாலாவது வாரம் உச்சிமாகாளியின் புஜத்தைச் சுற்றி டேப் வைத்தேன். தொடங்கியபோது 33 சென்டிமீட்டர். இப்போது 30.5. கையும் அல்லவா இளைத்திருக்கிறது! சாரிடம் கொண்டு போனேன்.

"சார், கொழுப்பு குறையுது. தசையும் குறையுது."

"டேப் எப்போ கேலிபரேட் பண்ணது?"

"டேப்புக்குச் சான்றிதழ் கிடையாது சார். தையல் டேப்."

"அப்போ அந்த அளவு செல்லாது." படிவத்தை வாங்கி, புஜம் என்ற கட்டத்தை அடித்தார். எடை என்ற கட்டத்தையும் அடித்தார். எடைக்குத் தசை எது கொழுப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். மறுநாள் படிவத்தின் புதிய பதிப்பு வந்தது. மேலே 'திருத்தம் மூன்று' என்று அச்சாகியிருந்தது. அதில் ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. நானும் சிறப்பாகக் கையெழுத்திட்டேன். டேப் அளவை மட்டும் என் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டேன். யாருக்கும் காட்டாத உண்மை ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லவள் என்ற எண்ணத்தைத் தருகிறது. உபயோகம் வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

நான் ஊழியர் பிரிவு. என் பையைக் கேட்டில் யாரும் திறப்பதில்லை. அந்த வாரங்களில் எல்லாம் வீட்டுச் சோற்றை ஆய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க உச்சிமாகாளி உள்ளே வந்தான். டப்பா திறந்திருந்தது. அவன் சீட்டை நீட்டினான். கண் மட்டும் டப்பாவுக்குப் போய்விட்டு உடனே சுவருக்குப் போனது.

"என்ன கொழம்புக்கா?"

"கருவாடு."

"மணக்கு."

அவ்வளவுதான் சொன்னான். ஒரு வாய் தின்றுவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பிற்பாடு பலமுறை தோண்டிப் பார்த்திருக்கிறேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் நினைத்தது, வெள்ளிக்கிழமை ரீடிங் கூடிவிடுமே என்பது. டப்பாவை மூடினேன். கையெழுத்துப் போட்டேன். அவன் 'வாரேன்க்கா' என்று போனான். மூடிய டப்பாவை மறுபடி திறந்து மிச்சத்தையும் தின்றேன்.

ஆறாம் வாரம், வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அளந்தேன். தோல் 3.90. புஜம், என் நோட்டில், 29.5. சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டான்: "இன்னும் எவ்ளோக்கா கொறயணும்? பூஜ்யம்னு போட்டிருக்காவளே, அங்க போயி நின்னுருமா?"

"அது சும்மா தலைப்பு."

"அது பூஜ்யத்துக்குப் போறதுக்குள்ள நம்ம போயிருவோம்னு நெனச்சேன்."

பதினொன்றரைக்கு டெஸ்பாட்சிலிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. உச்சிமாகாளி டிராலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், முகத்தில் ரத்தமே இல்லாமல். டிரம்மைத் தூக்கியிருக்கிறான். கண் இருட்டியிருக்கிறது. பன்னிரண்டு கிலோ அவன் இடது பாதத்தின்மேல் விழுந்திருக்கிறது. விரல்களைப் பாதுகாப்பு ஷூவின் முனை காப்பாற்றிவிட்டது. விளிம்பு பட்டது அதற்கு மேலே, புறங்காலில். கோவிந்தம்மா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து அவன் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"துன்னாத புள்ள தூக்குமாடா?" என்று யாரையும் பார்க்காமல் கத்தினார். "இன்னாத்துக்குடா அளந்தீங்க?"

வேனில் ஏற்றினோம். கதவை மூடப் போகும்போது உச்சிமாகாளி என் சுரிதார் துப்பட்டாவைப் பிடித்தான்.

"யக்கா, நான் ரிஜெக்டா?"

வேன் போய்விட்டது.

எங்கள் தொழிற்சாலையில் எது கெட்டாலும் ஐந்துமுறை 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பது விதி. ஐந்தாவது பதில்தான் மூலக் காரணம். இந்த முறையால் எத்தனையோ இயந்திரங்களின் கோளாறைக் கண்டுபிடித்திருக்கிறோம். இயந்திரம் தன்மேல் பழி விழுமே என்று பயப்படுவதில்லை, அதனால் அங்கே முறை நன்றாக வேலை செய்கிறது.

சனிக்கிழமை காலை சார் கூப்பிட்டார். படிவத்தை அவரே நிரப்பி வைத்திருந்தார். எக்ஸ்ரே மேசைமேல் கிடந்தது. பாதத்தில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது.

"படிச்சுப் பாருங்க. எதாவது விட்டுப்போச்சான்னு."

படித்தேன்.

'டிரம் ஏன் விழுந்தது? கை தளர்ந்ததால். கை ஏன் தளர்ந்தது? கவனம் சிதறியதால். கவனம் ஏன் சிதறியது? தூக்கமின்மையால். ஏன் தூங்கவில்லை? செல்போன் பார்த்ததால். ஏன் பார்த்தார்? தனிநபர் ஒழுக்கக் குறைவு.'

"செல்போன் பார்த்தானா சார்?"

"யார்தான் பார்க்கல?" பாட்டிலைக் குலுக்க ஆரம்பித்தார். "பாருங்க மெர்சி, இதோட ஒண்ணு இணைக்கணும். நேத்து காலைல நீங்க எடுத்த ரீடிங். அவன் முழு ஃபிட்டா இருந்தான்னு அதுல தெரியணும். தோல் அளவு மட்டும் போதாது. புஜம், எடை எல்லாம் வேணும்."

"அந்தக் கட்டமெல்லாம் எடுத்துட்டீங்களே சார்."

"திரும்பப் போட்டாச்சு." புதுத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். மேலே 'திருத்தம் நான்கு'. கட்டங்கள் எல்லாம் ஊருக்குப் போய்த் திரும்பிய மாதிரி வந்திருந்தன. அவற்றில் எண்களும் வந்திருந்தன. புஜம் 33.

"இது ஜூன் மாச அளவு சார்."

"மாஸ்டர் பீஸ்தானே? மாஸ்டர் பீஸ் அளவு மாறாதுல்ல?"

"நேத்து இருபத்தொன்பதரை. என் நோட்டுல இருக்கு."

பாட்டில் நின்றது. சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குக் கோபமே வராது. அவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் அது.

"அவன் ஃபிட்டா இல்லன்னு எழுதினா, ஃபிட்டா இல்லாதவனை ஏன் லைன்ல விட்டீங்கன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. அஞ்சு வாரம் நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

உண்மை. ஐந்து வாரம். நான்தான்.

"ஃபிட்டா இருந்தான்னா, அவனோட கவனக்குறைவு. விஷயம் முடிஞ்சுது. அவனுக்கும் நாம ஒண்ணும் பண்ணாம விடமாட்டோம். நாங்குநேரிக்குக் கம்பெனி செலவுல பஸ். ஸ்லீப்பர். காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்."

"செப்டம்பர் பட்டியல் சார்?"

"கால் உடைஞ்சவனை எப்படி மெர்சி பெர்மனென்ட் ஆக்கறது?" உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்க ப்ரமோஷனும் செப்டம்பர்தான். ஆகஸ்ட்ல குழு வருது. திட்டம் ஜெயிச்சிருக்கு. கொழுப்பு பாதிக்குப் பாதி போச்சு. இந்தியாவுல வேற எந்தப் பிளாண்ட்லயும் இப்படி ஒரு கோடு கிடையாது. ஒரு கையெழுத்து. அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

நான் யோசிக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ இரும்பை அளந்திருக்கிறேன். ஒரு மனிதனை இவ்வளவு உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கறுப்பில் வெள்ளையாக, மிகச் சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. சார் சொன்னது சரிதான், திட்டம் ஜெயித்துவிட்டது. ஆறு வாரமும் ஒழுங்காக, வேளை தவறாமல், அளந்து சாப்பிட்டிருக்கிறோம். யார் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்பதைத்தான் படிவத்தில் மாற்றி எழுதியிருந்தோம். முதலில் அவனுடைய கொழுப்பைத் தின்றோம். அதில் நானும் ஒரு வாய் எடுத்தேன். பிறகு தசை. அது தீர்ந்ததும் இப்போது எலும்புக்கு வந்திருக்கிறோம்.

சார் பேனாவின் மூடியைக் கழற்றி, என் கைக்கு வாகாகத் திருப்பி நீட்டினார்.

தாளை அவர் பக்கமே நகர்த்தினேன். "எனக்குப் போதும் சார்" என்றேன்.